போத்தல் பொன்னையா பிணமான வியாழக்கிழமை

சிரிக்க வைத்துப் பிழைக்கிறவன் எந்நேரமும் சிரித்த முகத்தோடு இருப்பான் என்று யாரோ ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த ஆளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். பதுளை பஸ் நிலையத்தில் நின்றாலும் சரி, கொழும்பில் பல் பிடுங்கப் போய் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தாலும் சரி, "அண்ணே, ஒரு ஜோக் சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். பல் டாக்டரே கேட்டார். உண்மை என்னவென்றால், எனக்குத் தெரிந்த நகைச்சுவைக்காரர்கள் எல்லோருமே முன்கோபக்காரர்கள். கோபத்தைக் கோபமாகச் சொன்னால் அடி விழும். சிரிப்பாகச் சொன்னால் கைதட்டுகிறார்கள், சில இடங்களில் சாப்பாடும் போடுகிறார்கள். எங்கள் தொழிலின் ரகசியம் அவ்வளவுதான்.

இதையும் சிரிப்பாகச் சொல்லத்தான் பார்க்கிறேன். முடியாமல் போனால் பொறுத்துக்கொள்ள வேண்டாம், நீங்களும் என்னோடு சேர்ந்து கோபப்படுங்கள்.

தெமோதரை ஸ்டேஷனில் இறங்கித் தேயிலைக்குள் ஏறிப் போனால் வரும் ஒரு தோட்டத்தில், கீழ்க்கணக்கு லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில், பிறந்தவன் நான். (தோட்டத்தின் ஒரு பிரிவைத்தான் கணக்கு என்போம். மேலே இருப்பது மேல்கணக்கு. மற்றபடி எந்தக் கணக்கும் எங்களுக்குச் சரியாக வந்ததில்லை.) பள்ளிக்கூடத்தில் அதிபரைப் போலப் பேசி அடி வாங்கினேன். கோயில் திருவிழா மேடையில், எங்கள் வேலையைப் பேரேட்டில் பதிகிற கணக்கப்பிள்ளையைப் போலப் பேசிக் கைதட்டு வாங்கினேன். கொழும்புக்குப் போய்ப் புடவைக் கடையில் வேலை செய்துகொண்டே, ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் சனிக்கிழமைகளில் ஸ்டாண்ட் அப் காமெடி செய்தேன். தனியாக மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று என் வாழ்க்கையைச் சொல்வேன். எதிரே உட்கார்ந்து முள்ளுக்கரண்டியால் சோறு சாப்பிடுகிறவர்கள் சிரிப்பார்கள்.

சரியாகச் சொன்னால், எல்லாவற்றுக்கும் சிரிக்க மாட்டார்கள். லயத்துக் கூரை ஒழுகுவதைச் சொன்னால் சோற்றைப் பார்ப்பார்கள். குடிகாரனைப் போலத் தள்ளாடினால் மட்டும் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். அங்கே என்னைப் பார்த்த ஒரு தொலைக்காட்சிக்காரர் கூட்டிப் போய் நாடகத்தில் போட்டார். அப்படிப் பிறந்தவன்தான் 'போத்தல்' பொன்னையா. வீட்டுக்கார முதலாளியின் தோட்டக்காரன். ஒரு கையில் புல்வெட்டும் கத்தி, ஒரு கையில் போத்தல். விழுவான், எழும்புவான், திரும்பவும் விழுவான். அவ்வளவுதான் பாத்திரம். எழுதியவருக்கு மலையகம் என்றால் எல்லவுக்குச் சுற்றுலா போகும்போது ரயில் ஜன்னலில் தெரிந்த பச்சை நிறம் மட்டும்தான்.

நாடகம் ஓடு ஓடு என்று ஓடியது. எங்கே போனாலும் "டேய் போத்தல்!" என்றார்கள். நான் பல்லைக் காட்டினேன். (அப்போது எனக்கு அது புகழ் என்று நினைப்பு.) அம்மா மட்டும் ஒரு நாள்கூட அந்த நாடகத்தைப் பார்க்கவில்லை.

"ஒங்கப்பா ஒரு நாளு குடிச்சு நீ பாத்திருக்கியாடா?" என்று போனில் கேட்டார்.

"இல்லம்மா."

"மாமா குடிச்சுப் பாத்திருக்கியா?"

"இல்லம்மா."

"அப்பறம் யாரப் பாத்துடா இந்த ஆட்டம் ஆடுற?"

முழுத் தோட்டத்திலும் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்தான், கொழும்பில் இல்லாதவர்களா? ஆனால் கொழும்பில் குடித்தால் அதற்குப் பார்ட்டி என்று பெயர். நான் வாயை மூடிக்கொண்டு அடுத்த வாரமும் விழப் போனேன்.

அந்த நேரத்தில்தான் டிரைக்டர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்கு விளம்பரம். தாடி, காதி ஜிப்பா, கழுத்தில் ஒரு துணி. மலையகத்தின் வலியை நாடகமாக எடுக்கப் போவதாகச் சொன்னார். வலி என்று சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒங்கட முகத்தில ஒரு வலி இருக்கு தம்பி. ஒங்கள அவனுகள் வீணாக்கிப் போட்டானுகள். எண்ட நாடகத்தில நீங்கதான் ராமையா. தொழிலாளி. முழுக் கதையும் ஒங்களச் சுத்தித்தான்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "குடிப்பானா சார்?" என்று கேட்டேன்.

"சீச்சீ. முதல் காட்சியிலேயே செத்துப் போயிருவான்."

"அதுக்குப் பெறகு?"

"மிச்ச நாடகம் முழுக்கச் சுவரில மாலை போட்ட படமா இருப்பீங்க. ஆனா எல்லாரும் ஒங்களப் பத்தித்தான் கதைப்பாங்க."

மண்டையில் மூளை இருக்கிறவன் அங்கேயே எழும்பிப் போயிருப்பான். நான் எழும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக விழாத வேடம், படுத்தே இருக்கும் வேடம். போதாக்குறைக்கு, படப்பிடிப்புக்கு எங்கள் லயத்தையே தருகிறேன் என்று நானாகச் சொன்னேன். தோட்டத்தை நடத்தும் மேனேஜர் துரையிடம் அனுமதி வாங்குவதை அவர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

அம்மாவிடம், "இந்தத் தடவ போத்தல் இல்லம்மா. நல்ல வேசம். தொழிலாளி" என்றேன்.

"கொழுந்து எடுப்பியா, கவ்வாத்து வெட்டுவியா?"

"அதெல்லாம் இல்ல. சும்மா... ஒரு பக்கமா இருப்பேன்."

பிணம் என்று சொல்லவில்லை. அம்மாவுக்குப் பிரஷர். அதிர்ச்சியான செய்தி எதுவும் காதில் விழக்கூடாது என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பெற்ற பிள்ளையை வாய்க்கட்டோடு வாசலில் கிடத்தியிருப்பதை அந்த மனுசி பார்க்கக்கூடாது. எனக்கு வேறு எந்தக் கவலையும் இல்லை, அது ஒன்றுதான்.

போயா நாளில், பௌர்ணமி விடுமுறையன்று, எடுப்பதாகப் பேச்சு. அன்றைக்கு மலையில் வேலை இல்லை, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், வீட்டுக்கு வீடு, ஒவ்வொரு காம்பராவாகப் போய் இது நடிப்பு என்று சொல்லிவிடலாம். டிரைக்டரிடம் இன்னொன்றும் கெஞ்சிக் கேட்டிருந்தேன். என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், தப்பு மேளம் மட்டும் அடிக்க வேண்டாம். எங்கள் தோட்டத்தில் சாவுத் தப்பு கேட்டால் யார், என்ன என்று யாரும் நின்று கேட்பதில்லை. கொழுந்து எடுக்கிற பெண்கள் கூடையோடு இறங்கி வருவார்கள். வீட்டுக்கு ஒரு படி அரிசி வரும், விறகு வரும். ஆண்கள் சாவு வீட்டுக்கே வராமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேராக மயானத்துக்குப் போய்விடுவார்கள். மழை வருவதற்குள் குழி வெட்ட வேண்டும், பெயரைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். இத்தனையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "என்ன ஒரு வாழ்க்கை!" என்றார். சத்தத்தைக் கொழும்பில் ஸ்டூடியோவில் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

பிறகு புதன்கிழமை பின்னேரம் போன் எடுத்தார். கதாநாயகிக்குப் போயா நாளில் கல்யாண வீடாம். படப்பிடிப்பு நாளைக்கு, வியாழக்கிழமை.

நான் பதறினேன் என்று நினைக்கிறீர்களா? சந்தோஷப்பட்டேன். வியாழக்கிழமை அம்மாவுக்குப் பதுளையில் கிளினிக். விடிய முதல் பஸ்ஸில் போனால் திரும்பி வரப் பகல் தாண்டிவிடும். அதற்குள் நான் செத்து, எழும்பி, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பேன். அம்மாவுக்கு போன் போட்டுக் கிளினிக்குக்குக் கட்டாயம் போகச் சொன்னேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு படுத்தேன்.

காலையில் எங்கள் வேன் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் மலைக்குப் போய்விட்டார்கள். லயத்தில் இருந்தது நடக்க முடியாத வயசாளிகள் நாலைந்து பேர். அவர்களை டிரைக்டர் வாசலில் வரிசையாக உட்கார வைத்து, தலையைக் குனிந்தபடி இருக்க வேண்டும், கேமரா ஓடும்போது வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவர்களும் பாவம், கடைசி வரைக்கும் சொன்ன பேச்சைக் காப்பாற்றினார்கள். கலை இயக்குநர் சந்தியிலிருந்து லயம் வரைக்கும் வெள்ளைக்கொடி கட்டியிருந்தார். சந்தியில் கண்ணீர் அஞ்சலி பேனர். அதில் ராமையா என்று பெயர், என்னுடைய முகம், அதுவும் நான் போத்தலாகச் சிரிக்கிற படம். வேறு படம் கிடைக்கவில்லையாம்.

என்னை வாசலில் பெஞ்சில் படுக்க வைத்தார்கள். மூக்கில் பஞ்சு. நெற்றியில் காசு. தலையைச் சுற்றித் தாடையை இறுக்கி வெள்ளைத்துணியால் வாய்க்கட்டு. கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டு, கைப் பெருவிரல்களுக்கும் ஒரு கட்டு. மேக்கப் போட்டவர் நுணுக்கமான கலைஞர், கட்டினால் அவிழாது. அப்போதுதான் ஓரக்கண்ணால் பார்த்தேன். டிரைக்டர் வேறொரு தோட்டத்திலிருந்து கூட்டி வந்த தப்புக்காரர்கள் மூலையில் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"ம்ம்ம்! ம்ம்ம்!" என்றேன்.

"அமைதி! பிணம் பேசக்கூடாது. கேமரா! அடிங்க!"

அடித்தார்கள். கூலி வாங்கினால் உழைக்க வேண்டும் என்று நினைக்கிற நேர்மையான மனிதர்கள் போலிருக்கிறது. மலை நாலு பக்கமும் அந்தச் சத்தத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. ஒரு சுற்று முடிந்தால் நிறுத்துவார் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. கோபத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. "பிணத்திண்ட வயிறு ஏறி இறங்குது, அடக்கச் சொல்லுங்க" என்று ஒரு குரல் வந்தது.

முதலில் வந்தது சின்னம்மா. அப்பாவின் தம்பி சம்சாரம். பக்கத்துக் காம்பராதான், என்னைத் தூக்கி வளர்த்தவர். இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கோடும் முதுகில் கூடையோடும் மலையிலிருந்து ஓடி வந்து, முகத்தைப் பார்த்தார், கூடையைக் கழற்றாமலேயே என் மேல் விழுந்தார். கொழுந்தெல்லாம் என் முகத்தில் கொட்டியது.

"அய்யோ சந்திரா! எஞ் சாமி!"

பின்னாலேயே முழு மலையும் இறங்கி வந்தது. சந்தேகப்பட்டவர்கள் ஓரிருவர் இருந்திருக்கலாம், அவர்களுடைய சந்தேகத்தையும் கேமராக்காரர்கள் தீர்த்து வைத்துவிட்டார்கள். "டிவிக்காரங்களே வந்துட்டாங்கடி, அப்ப நெசந்தான்" என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. செத்தவன் டிவி நடிகன், அதனால் டிவி வந்திருக்கிறது. நியாயமான கணக்குத்தானே.

சின்னம்மா மாரில் அடித்துக்கொண்டு எடுத்தார் ஒப்பாரி.

"படம் புடிக்க வாறேன்னு
பாசமாச் சொன்ன ராசா
பெஞ்சு மேல படுத்துக்கிட்டுப்
பேசாமக் கெடக்குறியே!

ஊரெல்லாம் சிரிக்க வச்சே
ஒந் தாயி சிரிக்கலையே
போத்தலக் கையில தந்து
பொழப்பக் கெடுத்தானே டிவிக்காரன்!"

இத்தனை வருடத்தில் என் நடிப்புக்குக் கிடைத்த ஒரே நேர்மையான விமர்சனம் அது. நான் ஒரு கண்ணைத் திறந்தேன். சின்னம்மாவைப் பார்த்துச் சிமிட்டவும் செய்தேன். அவர் என் இமையைத் தடவி மூடிவிட்டார். "கண்ணு மூட மாட்டேங்குதே, எம் புள்ளைக்கு ஆச அடங்கலையே" என்று கூட்டத்தைப் பார்த்துக் கதறினார். இன்னொரு கண்ணைத் திறந்தேன். அதையும் மூடினார்.

பின்னால் பெண்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

"என்னவாம் வந்துச்சு?"

"என்ன வந்திருக்கும்? டிவில பாக்கலயா நீ? குடிச்சே செத்திருப்பான்."

எழும்பிப் போய் அந்த அக்காவின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. வாழ்நாளில் ஒரு சொட்டு நாக்கில் வைத்தவனில்லை நான். ஆனால் அவர் மேல் என்ன தப்பு? நான்தானே வாரா வாரம் வீட்டுக்கு வீடு போய்க் குடித்துக் காட்டினேன்.

டிரைக்டருக்கு இதற்குள் எல்லாம் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று இன்றுவரை சொல்கிறார், பொய். என் தலைமாட்டில் குனிந்து கேமராக்காரரிடம் சொன்னதைக் கேட்டேன். "நிப்பாட்டாத. எல்லாம் உண்மையான அழுக. அந்தக் கூடை போட்ட அம்மாண்ட முகத்துக்குக் கிட்டப் போ." கைதான் கட்டியிருந்தது, காதைக் கட்டவில்லையே.

அப்போது யாரோ கேட்டார்கள். "இவங்க அம்மா எங்க? சொல்லியாச்சா?"

"பதுள கிளினிக்குல நிக்குதாம். போன் போட்டாச்சு. விசயத்த சொல்லல. ஒடனே வாங்கன்னு மட்டும் சொல்லி வச்சிட்டோம்."

அப்பா மண்சரிவில் செத்துப் போனபோது மலையில் நின்ற அம்மாவிடம் வந்து சொன்னதும் அந்த இரண்டு வார்த்தைதான். ஒடனே வாங்க. அதற்கு என்ன அர்த்தம் என்று அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான் எழும்பி உட்கார்ந்தேன்.

அடுத்து நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. சின்னம்மா வீலென்று கத்திப் பின்னால் சாய்ந்தார், கூடை இருந்ததால் தலை தப்பியது. ஒரு பெண் கையிலிருந்த அரிசியை என் மேல் வீசினார். தப்புக்காரர்கள் தப்பைப் போட்டுவிட்டு ஓடினார்கள். "கட் சொல்லயில்லயே!" என்று டிரைக்டர் கத்தினார். பெருவிரல் கட்டோடு நான் இரண்டு துள்ளுத் துள்ளி, மூன்றாவது துள்ளில் வாசலில் குப்புற விழுந்தேன். (போத்தலாக இத்தனை வருடம் விழுந்திருக்கிறேன், இவ்வளவு இயல்பாக ஒரு நாளும் விழுந்ததில்லை.) கைக்கட்டைப் பல்லால் பிய்க்கப் பார்த்தேன், வாய்க்கட்டு விடவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தாதான் பாக்குவெட்டியை எடுத்து எல்லாவற்றையும் அறுத்துவிட்டார். அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை.

போன் வேனில் எங்கேயோ கிடந்தது. தேட நேரமில்லை. ஓடினேன். வெறுங்கால், மார்பில் மாலை, மூக்கில் பஞ்சு. ரோட்டோரம் எனக்காகக் கட்டிய வெள்ளைக்கொடிகள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. சந்திக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கடைக்குள் போய்ப் பலகையைச் சாத்திக்கொண்டார்.

சந்தியில் ஆட்டோ நின்றிருந்தது. அம்மா இறங்கிப் பேனருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் மருந்துப் பை. அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், அந்த நேரத்தில் யார் எழுத்துக் கூட்டப் போகிறார்கள்? என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை, அசையவும் இல்லை.

"அம்மா!"

திரும்பினார். பேனரில் இருந்தவன் பஞ்சும் மாலையுமாக எதிரே நிற்கிறான்.

"ஒண்ணுமில்லம்மா. நடிப்பும்மா. வேசம்."

பக்கத்தில் வந்தார். என் மூக்கிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக இழுத்துக் கீழே போட்டார். மூக்கில் மூச்சு வருகிறதா என்று விரலை வைத்துப் பார்த்தார். பிறகு விட்டார் ஓர் அறை. அதுவரைக்கும் என் சின்ன வயதில்கூட அம்மா என்னை அடித்ததில்லை.

"இதுக்குப் போத்தலே தேவலடா" என்றார்.

அப்படியே ரோட்டோர மதகுக் கட்டின் மேல் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். ஆட்டோக்காரர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். நான் காலடியில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் ஆறுவதற்குள் கோபம் வந்துவிட்டது.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு லயத்துக்குத் திரும்பினால், டிரைக்டர் சின்னத் திரையில் எடுத்ததைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் பூரித்துப் போயிருந்தது.

"தம்பி, தங்கம்! கட் சொல்ல முந்தி எழும்பிட்டீங்க, பரவாயில்ல, வெட்டிக்கொள்ளலாம்."

"தப்பு வேணாம்னு சொன்னேனா இல்லையா?"

"இது ஒங்கட மக்கள்ற வலி தம்பி. உலகம் பாக்கட்டும்."

"வலியா? காலையில நல்லாத்தானே சார் இருந்தாங்க! நீங்க வந்து அடிச்சிட்டு, அடிச்ச எடத்தப் படம் புடிச்சிட்டு, வலின்னு பேரு வைக்கிறீங்களா?"

"கோபப்படாதீங்க. அழுத ஆக்களுக்கெல்லாம் சோத்துப் பார்சல் குடுக்கச் சொல்றன்."

அவரை என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் சின்னம்மா எழும்பி வந்தார். தலையில் இன்னும் கொழுந்து ஒட்டியிருந்தது. கேமராக்காரரைப் பார்த்து, "எதுலடா இருக்கு என் அழுக?" என்று கேட்டார்.

கேமராக்காரர் பயந்துபோய்ச் சின்னத் தகடு ஒன்றை எடுத்துக் காட்டினார், மெமரி கார்ட்.

"குடு."

"அம்மா, அது கம்பனி சொத்து..."

"எங் கண்ணீருடா அது! ஒனக்கா அழுதேன்? எம் புள்ளைக்கு அழுதேன். குடு!"

பின்னால் முழு மலையும் நின்றது. அவர் கொடுத்துவிட்டார். சின்னம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டார். டிரைக்டர் முதல் முறையாகக் கண்ணைத் திறந்தபடி நின்றார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால், கீழேயிருந்து மாமா ஏறி வந்தார். அம்மாவின் தம்பி, தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரும் அவர்தான். உடம்பெல்லாம் செம்மண், கையில் மண்வெட்டி. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உசுரோடயா இருக்க?"

"ஆமா மாமா."

"பாறைடா அது! ரெண்டு மம்பட்டி ஒடஞ்சு போச்சு. ஆறு பேரு வெட்டி முடிச்சிருக்கோம்." கொஞ்சம் ஏமாந்த மாதிரிதான் சொன்னார். பிறகு குரலைத் தணித்து, "இப்ப அத என்ன பண்றது? வெட்டுன குழியச் சும்மா மூட முடியாது" என்றார்.

மூட முடியாதுதான். வெட்டிய குழியை வெறுமனே மூடினால் அது இன்னோர் ஆளைக் கேட்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கேலி செய்கிறவர்கள் செய்துகொள்ளுங்கள், பிரஷர் உள்ள அம்மாவை வைத்துக்கொண்டு அந்தப் பரீட்சையை எழுத நான் தயாராக இல்லை. வாழைத்தண்டு ஒன்றை வெட்டி, என் வேட்டியைச் சுற்றி, என் மாலையைப் போட்டுத் தூக்கினார்கள். மறைந்திருந்த தப்புக்காரர்கள் முழு நாளுக்கும் கூலி பேசி வந்ததாகச் சொல்லி முன்னால் நடந்தார்கள். என்னை எங்கே நடக்க விடுவது என்பதில் ஒரு வாக்குவாதம். செத்தவன் என்றால் முன்னால் போக வேண்டும், சொந்தக்காரன் என்றால் பின்னால். கடைசியில் இரவல் சாரத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடுவில் போனேன். குழியில் இறக்கும்போது சின்னம்மா முந்தானையை அவிழ்த்து, அந்த மெமரி கார்டை வாழைத்தண்டுக்குள் விரலால் குத்தி இறக்கினார். நானும் மூன்று பிடி மண் போட்டேன்.

மண் மூடி முடிக்கவும் துரையின் ஜீப் வரவும் சரியாக இருந்தது. பின்னால் கணக்கப்பிள்ளை. துரை சிங்களவர், தமிழ் உடைத்து உடைத்துப் பேசுவார்.

"யாரு கேட்டு இங்க வெட்டினது? இது கம்பனி காணி. யாரு செத்தது?"

"இவருதாங்க" என்று மாமா என்னைக் காட்டினார்.

துரைக்கு முகம் சிவந்தது. சாவு இல்லை, பொய்ச் சாவுக்கு வேலையைப் போட்டு வந்திருக்கிறார்கள், மலையிலிருந்து இறங்கின எல்லோருக்கும் அரைப்பேர்தான் என்றார். பேர் என்பது ஒரு நாள் வேலை. அரைப்பேர் என்றால் அன்றைக்குப் பாதி நாள் உழைக்கவே இல்லை என்று அர்த்தம். எனக்காக அழ வந்த பாவத்துக்கு.

"தப்பு அடிச்சாச்சு, குழி வெட்டியாச்சு, மண்ணும் போட்டாச்சுங்க" என்றார் மாமா. "சாவுக்குப் பேரு வெட்டுற பழக்கம் நம்ம தோட்டத்துல இல்லீங்க தொர."

துரை மண்மேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"ஆ! நீ அந்தப் போத்தல் இல்ல? என் மகள் நல்லா பார்க்கிற!" போனை எடுத்துக் கேமராவைத் திருப்பினார். "எங்கே, அந்தக் குடிகாரன் ஆட்டம் ஒரு தடவ போடு. மகளுக்கு அனுப்ப."

நான் சுற்றிப் பார்த்தேன். சின்னம்மா, மற்றப் பெண்கள், கூடைகள், சேறு. கணக்கப்பிள்ளை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

ஆடினேன். என் சொந்தக் குழிமேட்டுக்குப் பக்கத்தில் தள்ளாடினேன், விழுந்தேன், எழும்பினேன், திரும்பவும் விழுந்தேன். துரை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வேறு ஒருத்தரும் சிரிக்கவில்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு தேயிலையைப் பார்த்தபடி நின்றார். "சரி, சரி, முழுப்பேர் போடு" என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுத் துரை ஜீப்பில் ஏறினார். மேடையில் இதைச் சொன்னால் இந்த இடத்தில் கைதட்டுகிறார்கள். எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குப் பிறகு நான் போத்தலாக விழவில்லை. எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள், மாட்டேன் என்றால் மாட்டேன். டிரைக்டரின் நாடகம் வேறு தோட்டத்தில் எடுத்து ஒளிபரப்பானது. சுவரில் மாலையோடு வேறு ஒருவர் தொங்கினார், பரவாயில்லாமல் தொங்கினார். நான் மறுபடி மாடியேறி மைக்கைப் பிடித்தேன். கூரை ஒழுகுவதைச் சொல்கிறேன், சோற்றைப் பார்த்தால் பார்க்கட்டும்.

போன தைப்பொங்கலுக்கு எல்லோரும் லயத்தில் கூடியிருந்தோம். வெலிமடையில் கட்டிக்கொடுத்த தங்கச்சி குடும்பமும் வந்திருந்தது. தோட்டத்து ஆட்களுக்குக் காணி கொடுக்கப் போகிறார்கள் என்று ரேடியோவில் மறுபடியும் சொன்னார்கள். அப்பா உயிரோடு இருந்தபோதும் இதே செய்தியைக் கேட்டிருக்கிறோம். மாமா ரேடியோவை நிறுத்திவிட்டு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

"இந்தத் தோட்டத்துல செத்த பெறகு எல்லாத்துக்கும் ஆறடி கெடைக்கும். உசுரோட இருக்கும்போதே காணி கெடச்ச ஒரே ஆளு நம்ம சந்திரந்தான்."

வீடே சிரித்தது. அம்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"ஆமா. அதுக்கும் இன்னும் உறுதிப் பத்திரம் எழுதிக் குடுக்கல."